பெயர் சொல்லிக் கேட்பவர், வயது சொல்லிக் கேட்பவர்: ஒரு பொம்மைக் கடைக்கு முன்னால் இருக்கும் வழிகள்

பொம்மைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார்: “மூடிடலாமா, இல்ல ஆன்லைன்ல இறங்கிடலாமா?”

கேட்ட விதத்திலேயே பாதி முடிவு எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம். கடைக்கு ஆட்கள் வராமல் இல்லை. வருகிறார்கள், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், செல்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், “அப்புறம் வர்றோம்” என்று கிளம்புகிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

அவர் கேட்டது இரண்டே வழி. எண்ணிப் பார்த்தால் ஆறேழு வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் நம்மைவிடப் பல ஆயிரம் மடங்கு பணம் வைத்திருந்தவர்கள் ஏற்கெனவே நடந்து பார்த்துவிட்டார்கள். அவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது பதிவாகியும் இருக்கிறது. கைக்காசு போகாமல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடலாம். “டாய்ஸ் ஆர் அஸ்ஸையே அமேசான் சாய்த்துவிட்டது, நாம் எம்மாத்திரம்” என்று இந்தத் தொழிலில் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். அது பாதிக் கதைதான். டாய்ஸ் ஆர் அஸ் என்பது அமெரிக்காவின் பெரிய பொம்மைக் கடைச் சங்கிலி. அங்கே அதைப் பொம்மை விற்பனையில் முதலிடத்திலிருந்து இறக்கியது வால்மார்ட், 1998-ல். மளிகையும் துணியும் விற்கிற கடை அது. அடுத்த அடி 2005-ல் விழுந்தது. பெய்ன் கேப்பிடல், கேகேஆர், வொர்னாடோ என்ற மூன்று முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 660 கோடி டாலருக்கு அதை வாங்கின. அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடன் ஏறியது வாங்கியவர்கள் தலையில் அல்ல, வாங்கப்பட்ட கடையின் தலையில். 2016-ல்கூட ஆண்டு விற்பனை 1,100 கோடி டாலருக்கு மேல் இருந்தது. நடப்புச் செலவு போக நின்ற லாபம் ஏறத்தாழ 46 கோடி. வட்டியும் ஏறத்தாழ அதே அளவு. கடையைப் புதுப்பிக்க, வலைத்தளத்தைச் சீராக்க, ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. 2017 செப்டம்பரில் திவால் மனு, 2018 ஜூன் மாதக் கடைசியில் அமெரிக்கக் கடைகள் அத்தனையும் மூடல். ஆன்லைன் போட்டி அந்தக் கடையை மூச்சு வாங்க வைத்தது உண்மை. ஓட முடியாதபடி காலைக் கட்டியிருந்தது கடன்.

இதை நண்பருக்குச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவருடைய முதல் யோசனையே கடன் வாங்கிச் சரக்கைக் கூட்டி, விலையைக் குறைப்பதுதான்.

அந்த வழியை உடனே தள்ளிவிடலாம். பெரிய கடைகளுக்குப் பொம்மை என்பது தூண்டில் புழு. டிசம்பரில் எல்லோரும் கேட்கும் நாலைந்து பொம்மைகளை அடக்க விலைக்கும் கீழே கொடுப்பார்கள், வந்த கூட்டத்திடம் மற்ற சரக்கில் எடுத்துக்கொள்வார்கள். 2003 கிறிஸ்துமஸுக்கு வால்மார்ட் அப்படித்தான் விலையை இறக்கியது. அதே டிசம்பரில் எஃப்ஏஓ ஷ்வார்ஸ் என்ற பழைய பொம்மைக் கடைகளை நடத்திய நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அடுத்த மாதம் கேபி டாய்ஸ், 1922-ல் தொடங்கிய நிறுவனம், அதுவும் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. பொம்மையை மட்டுமே விற்கிறவர் பொம்மையில் நஷ்டப்பட்டால், அதை ஈடுகட்ட அவரிடம் வேறு சரக்கு இல்லை. முதலுக்கே மோசம்.

பெரிய தளத்தில் போய்ச் சேர்வது

இதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. “பதிவு பண்ணு, படம் போடு, ஆர்டர் வரும்.” வரும்தான். இந்த வழியில் போனவர்களில் மிகப் பெரியவர் யார் என்று பார்த்தால் மறுபடியும் டாய்ஸ் ஆர் அஸ்தான்.

1999 கிறிஸ்துமஸுக்கு அவர்களுடைய சொந்த வலைத்தளம் வாங்கிக் குவித்த ஆர்டர்களைக் குறித்த நாளுக்குள் அனுப்ப முடியாமல் திணறியது. தாமதத்தை ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்று அவர்களையும் சேர்த்து ஏழு இணைய விற்பனையாளர்கள் மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2000-ல் மொத்தம் 15 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அதே 1999-ல் அமேசான் வேறு விதமாகக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பொம்மை ஓடும் என்று தெரியாமல் வாங்கி, விற்காமல் தேங்கி, நஷ்டக் கணக்கு எழுதியது. ஒருவருக்கு அனுப்பத் தெரியும், மற்றவருக்குப் பொம்மை தெரியும். 2000-ல் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். டாய்ஸ் ஆர் அஸ் ஆண்டுக்கு 5 கோடி டாலரும் விற்பனையில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். அமேசானில் பொம்மை விற்கும் உரிமை தனக்கு மட்டுமே என்று அது நம்பியது.

கொஞ்ச நாளில் அதே தளத்தில் வேறு விற்பனையாளர்களும் பொம்மை விற்கத் தொடங்கினார்கள். 2004-ல் டாய்ஸ் ஆர் அஸ் வழக்குப் போட்டது. 2006-ல் நீதிமன்றம் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அனுமதித்தது, 2009-ல் அமேசான் 5.1 கோடி டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தது. வழக்கில் வென்றவர் டாய்ஸ் ஆர் அஸ்தான். ஆனால் எந்த மாதம் எது ஓடும், எந்த வயதுக்காரர் எதைத் தேடுகிறார், எந்த விலையில் தயங்குகிறார் என்கிற அனுபவம் ஆறு ஆண்டு முழுக்க அமேசான் வீட்டில் சேர்ந்துகொண்டிருந்தது. டாய்ஸ் ஆர் அஸ்ஸின் பெயரைத் தட்டினாலும் அமேசானின் வாசல்தான் திறந்தது.

சிறு கடைக்காரருக்கும் நடப்பது இதுவே, அளவுதான் சிறிது. தளத்தில் விற்றால் வாங்கியவர் தளத்தின் வாடிக்கையாளர். அவருக்கு உங்கள் கடைப் பெயர் நினைவிருக்காது. கமிஷன், பேக்கிங், திரும்பி வரும் சரக்கு மூன்றையும் கழித்தபின் என்ன நிற்கிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். திரும்பி வந்த பொம்மை பெரும்பாலும் கிழிந்த பெட்டியோடு வரும், பெட்டி கிழிந்த பொம்மையைப் பரிசாக வாங்க யாரும் முன்வர மாட்டார்கள். நான் இந்த வழியை ஒரு வடிகாலாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டு வருடமாக அலமாரியில் தூசி படிந்து நிற்கிற சரக்கை அங்கே தள்ளிவிடலாம். அதற்குமேல் அதை நம்பிக் கடை நடத்த முடியாது.

சொந்த வலைத்தளம்

இது சுயமரியாதை உள்ள வழி என்று எனக்கும் தோன்றியது உண்டு. ஆனால் பொம்மை இதற்கு ஏற்ற சரக்கா என்று பார்க்க வேண்டும். கூரியர் நிறுவனங்கள் எடைக்கு மட்டும் கட்டணம் வாங்குவதில்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலாக உள்ள கணக்கு. 40, 30, 25 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கிலோகூட இல்லாத கரடிப் பொம்மை இருக்கலாம். கட்டணம் 6 கிலோவுக்கு. பொம்மைத் தொழில் பெரும்பாலும் பெட்டிக்குள் காற்றை வைத்து விற்கும் தொழில். ஜிக்சா புதிர், சீட்டு விளையாட்டு, கட்டும் துண்டுகள் மாதிரி கனமாகவும் சின்னதாகவும் இருப்பவை மட்டும் இந்தக் கணக்கில் தப்பிக்கும்.

பணம் இருந்தால் சமாளிக்கலாமே என்றால், ஈடாய்ஸ் கதை இருக்கிறது. 1997-ல் தொடங்கி, ஒரு கடைகூட இல்லாமல் இணையத்தில் மட்டும் பொம்மை விற்ற நிறுவனம் அது. 1999 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் சந்தை மதிப்பு டாய்ஸ் ஆர் அஸ்ஸையே தாண்டியது. 2001 மார்ச்சில் திவால். கிறிஸ்துமஸ் நேரத்துக்காகக் கட்டிய கிடங்கும் ஆட்களும் மீதி மாதங்களில் சும்மா இருந்து சாப்பிட்டன. பொம்மை விற்பனை வருடம் முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை, செலவு மட்டும் சீராக ஓடும்.

நண்பரைப் போன்றவர்களுக்கு வலைத்தளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருக்கிற சரக்கின் படம், திறந்திருக்கும் நேரம், ஒரு வாட்ஸ்அப் எண். “எடுத்து வையுங்க, சாயங்காலம் வர்றேன்” என்று சொல்ல வசதி. அவ்வளவு போதும்.

இன்னொருவர் கடைக்குள் ஒரு மூலை

அமெரிக்காவில் பெயர் மட்டும் பிழைத்த டாய்ஸ் ஆர் அஸ் பின்னால் எடுத்த வழி இது. 2021-ல் மேசிஸ் என்ற பல்பொருள் அங்காடியோடு ஒப்பந்தம் போட்டு, 2022-க்குள் அந்தக் கடைகளுக்குள்ளேயே பொம்மைப் பகுதியாக உட்கார்ந்தது. பிரிட்டனில் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் டபிள்யூஹெச் ஸ்மித் கடைகளுக்குள்ளும் 2023 முதல் இடம் பிடித்தது. தனி வாடகைச் சுமை இல்லை, ஏற்கெனவே வருகிற கூட்டம் கிடைக்கும். குறை என்னவென்றால், வீட்டுக்காரரின் வியாபாரம் படுத்தால் மூலையும் படுக்கும். சிறியவர் ஒருவர் புத்தகக் கடையோடு பேசி நான்கு அலமாரி வாங்கினால் நல்லதுதான். அப்படி இடம் கொடுக்கும் புத்தகக் கடை அமைவது அதிர்ஷ்டம், திட்டமாக எழுதி வைக்க முடியாது.

கடையையே காட்சியாக்குவது

“அனுபவம் கொடுங்க” என்று ஆலோசகர்கள் ஓயாமல் சொல்வது இதைத்தான். கேட்க நன்றாக இருக்கிறது. லண்டனின் ஹாம்லீஸ் பொம்மைக் கடை 1760-ல் தொடங்கியது, ஊழியர்கள் வாசலிலேயே பொம்மையை இயக்கிக் காட்டுவார்கள், உள்ளே போனால் திருவிழா. நியூயார்க்கில் எஃப்ஏஓ ஷ்வார்ஸின் ஐந்தாம் அவென்யூ கடைக்குக் காலால் மிதித்து வாசிக்கும் தரைப் பியானோவைப் பார்க்கவே உலகம் முழுவதிலிருந்தும் வந்தார்கள். 1862-ல் தொடங்கிய நிறுவனத்தின் அந்தப் புகழ்பெற்ற கடை 2015 ஜூலையில் மூடப்பட்டது. சொன்ன காரணம் ஏறிக்கொண்டே போன வாடகை. கூட்டத்துக்குக் குறைவில்லை. பியானோவில் குதித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர் கல்லாப் பக்கம் வரவேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே. அந்தப் பெயர் இன்னொருவர் கைக்குப் போய், 2018 நவம்பரில் ராக்கஃபெல்லர் பிளாசாவில் மறுபடி திறந்தது. ஹாம்லீஸும் கை மாறி மாறி 2019-ல் ரிலையன்ஸிடம் வந்து சேர்ந்தது. இவ்வளவு புகழும் கூட்டமும் இருந்தும் உரிமையாளர்கள் விற்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்றால், அந்த வரவு செலவை ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

“கட்டும் துண்டுகள் செய்யும் லெகோ நடத்துகிறதே?” என்று கேட்கலாம். 2023 முடிவில் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லெகோ கடைகள் இருந்தன, இணைய வியாபாரம் கொடிகட்டிப் பறந்த வருடங்களில்தான் அவை பெருகின. கூர்ந்து பார்த்தால் அது வேறு விளையாட்டு. லெகோ தானே செய்கிறது, தானே விற்கிறது. தயாரிப்பாளர் லாபம், மொத்த வியாபாரி லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் ஒரே பையில் விழும். கடையில் விளையாடிவிட்டு வெறுங்கையோடு போன குழந்தை, வீட்டில் அடம் பிடித்து இணையத்தில் வாங்க வைத்தாலும் காசு அதே பைக்குத்தான். லெகோவுக்குக் கடை ஒரு விளம்பரப் பலகை, அதில் கல்லாவும் வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் செய்த பொம்மையை வாங்கி விற்கும் நம் நண்பர் அதே காட்சியை நடத்தினால் விளம்பரச் செலவு இவருடையது, விற்பனை எவருடையதோ. படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் செய்தது அதுதானே.

ஆகவே காட்சி நடத்துவதென்றால் காட்சிக்கே காசு வாங்க வேண்டும். பலகை விளையாட்டு மாலை, பிறந்தநாள் விழா, புதிர்ப் போட்டி என்று நுழைவுக் கட்டணம் வைத்து. அதற்கு உழைப்பு வேறு, மனசும் வேறு. நண்பருக்குக் கூட்டமே ஆகாது.

சுருக்கித் தேர்ந்து விற்பது

நான் சாய்வது இந்தப் பக்கம், மறைக்கவில்லை.

டாய்ஸ் ஆர் அஸ்ஸைத் தொடங்கிய சார்ல்ஸ் லாசரஸ் ஆரம்பத்தில் பொம்மைக்காரரே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்து, 1948-ல் வாஷிங்டனில் குழந்தைகளுக்கான கட்டில், தொட்டில் விற்கும் கடை போட்டார். தொட்டில் வாங்கியவர் அடுத்த குழந்தைக்கும் அதே தொட்டிலை வைத்துக்கொண்டார். பொம்மை உடைகிறது, பிள்ளை வளர்கிறது, அம்மா மறுபடி வருகிறாள். இதைக் கவனித்துத்தான் பொம்மைக்கு மாறி, 1957-ல் முதல் பொம்மைப் பேரங்காடியைத் திறந்தார். பொம்மைத் தொழிலின் ஆணிவேர் அந்த ‘மறுபடி’யில் இருக்கிறது. பிள்ளைக்கு மூன்று வயதில் வந்தவர் ஐந்திலும் எட்டிலும் வர வேண்டும்.

இந்தக் கண்ணோடு கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் வருகிறவர்கள் இரண்டு வகையாகப் பிரிவார்கள். ஒருவர் பொம்மையின் பெயரைச் சொல்லிக் கேட்பார். பிள்ளை விளம்பரத்தில் பார்த்திருக்கும், மாடல் எண்கூடத் தெரியும். இவருக்கு வேண்டியது விலையும் வேகமும். இவர் ஏற்கெனவே ஆன்லைன்காரரின் ஆள், வழியில் உங்கள் கடை இருந்ததால் எட்டிப் பார்க்கிறார். இவருக்காகச் சரக்கு அடுக்குவது வீண்.

இன்னொருவர் வயதைச் சொல்லிக் கேட்பார். “நாலு வயசுப் பொண்ணு, ஓரிடத்துல உட்காரமாட்டா, என்ன கொடுக்கலாம்?” “பக்கத்து வீட்டுப் பையன் பிறந்தநாள், ஏற்கெனவே நிறைய கார் வச்சிருக்கான்.” இவருக்கு விடை தேவை, பொம்மை அப்புறம்தான். தேடுபெட்டியில் “நான்கு வயது” என்று தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், அந்தக் கொட்டலிலிருந்து தப்பித்துத்தான் இவர் கடைக்கே வருகிறார். நாற்பது வகை இருந்தாலும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து விளையாடிப் பார்த்த கடைக்காரர் இவருக்குப் போதும்.

அந்த அறிவுக்குப் பாதுகாப்பு என்ற பக்கமும் உண்டு. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மையில் சிறு துண்டு இருக்கிறதா என்று சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியது. பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம், அதனால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். வலிமையான குட்டிக் காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும். பெயர் தெரியாத விற்பனையாளர் எங்கிருந்தோ அனுப்பும் பொட்டலத்தில் இதையெல்லாம் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடையில் மூடியை நகத்தால் நெம்பிக் காட்டிவிடலாம். இதை ஒருமுறை செய்து காட்டிய கடைக்காரரை எந்தப் பெற்றோரும் மறப்பதில்லை.

வயது வந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. தங்களுக்கென்றே பொம்மை வாங்கும் பெரியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெய்ஜிங்கில் 2010-ல் தொடங்கிய பாப் மார்ட், உள்ளே எது இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளை விற்று, லபூபு பொம்மைக்காகக் கடை வாசல்களில் வரிசை கட்ட வைத்தது. அந்த மோகம் எவ்வளவு நாள் நிற்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன், திறக்காத பெட்டிக்குள் என்ன என்ற ஆர்வத்தை விற்பது சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு என்ற உறுத்தலும் உண்டு. ஆனாலும் பெரியவர்கள் கடை வரைக்கும் நடந்து வருகிறார்கள் என்பது கண்முன் தெரிகிறது. புதிர்கள், பலகை விளையாட்டுகள், கட்டும் மாதிரிகள் இவர்களுக்கானவை. இவை அலமாரியில் பழசாவதும் மெதுவாகத்தான்.

இந்த வழியில் சிக்கல் இல்லாமல் இல்லை. கடை பாதியாகச் சுருங்க வேண்டும். பிரபலமான பொம்மைகளை விட்டுக்கொடுக்க மனசு வராது, “இதுகூட இல்லையா?” என்ற கேள்வியைத் தினமும் கேட்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து மாதிரியாக வைக்க வேண்டும், அது விற்காத செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கடையின் அறிவு கடைக்காரரின் தலையில் இருக்கிறது. அவர் ஒரு வாரம் படுத்தால் கடையும் படுக்கும்.

மூடுவது

இதைத் தோல்வி என்று பார்ப்பதுதான் பலரை முழுக அடிக்கிறது. சரக்கு நல்ல நிலையில் இருக்கும்போது, ஒப்பந்தம் தானாக முடியும்போது, கடன் இல்லாதபோது மூடினால் போட்ட முதலில் கணிசமான பங்கு கைக்குத் திரும்பும். பெரிய விற்பனைக் காலம் முடிந்தபின் மூடுவது இன்னும் நல்லது. தாமதித்தால் இதே சரக்கு எடைக்குப் போகும். லாசரஸ் 94 வயது வரை இருந்தார். கடைகளை மூடப்போகிறோம் என்று நிறுவனம் அறிவித்த அடுத்த வாரம், 2018 மார்ச் 22-ல் இறந்தார். மூடும் காலத்தையும் மூடும் விதத்தையும் வேறு யாரோ முடிவு செய்யும் நிலைக்கு ஒரு கடையை விட்டுவிடக் கூடாது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

எனவே நண்பரிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போடுங்கள். பெயர் சொல்லிக் கேட்டவர் இடப்பக்கம், வயது சொல்லிக் கேட்டவர் வலப்பக்கம். வாங்கினாரா இல்லையா என்பது முக்கியமில்லை, எப்படிக் கேட்டார் என்பது மட்டும். முன்பு வந்த முகமாக இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. இரண்டு மாதம். வலப்பக்கமும் புள்ளிகளும் கனத்தால் கடையைப் பாதியாக்கி, சின்ன இடத்துக்குப் புது ஒப்பந்தம். இடப்பக்கம் நிரம்பி வழிந்தால் பண்டிகைக் கால விற்பனையோடு பூட்டிவிடுவது, மிச்சத்தைத் தளத்தில் தள்ளுவது. எந்தப் பக்கமானாலும் கடன் வாங்குவதில்லை.

நேற்று தொடங்கியிருக்கிறார். முதலில் வந்தவர் ஒரு பழைய ரயில் பொம்மையைக் கொண்டுவந்து, “இதுக்கு எந்த பேட்டரி போடணும்?” என்று கேட்டாராம். எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டு எனக்கு மெசேஜ் வந்திருக்கிறது. ரயிலை எங்கே வாங்கினார் என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.